நாடக மாலையில் ஒரு ஸ்டேக்: புதுச்சேரியில் உணவகம் தேர்ந்தெடுப்பது எப்படி

புதுச்சேரியில் நாடகம் பார்க்கப் போகும் மாலையில் நல்ல ஸ்டேக் (தடிமனாக வெட்டி வாட்டிய இறைச்சித் துண்டு) ஒன்றும் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது ‘எந்த ஓட்டல் நல்லாயிருக்கும்?’ என்பதைத்தான். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்து நாடகம் பார்த்துப் பழகி, பிறகு இந்த ஊரிலேயே குடியேறிவிட்ட எனக்கு, அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வியாகப் படுகிறது. நாடகம் எத்தனை மணிக்கு முடியும் என்பது முதற்கேள்வி. சமையலறை எத்தனை மணிக்கு அடுப்பை அணைக்கும் என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் நடுவில் மிஞ்சுகிற நேரத்துக்குள் அடங்கும் உணவகங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றில் எது நல்லது என்று பார்த்தால் போதும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு சனிக்கிழமை மாலையில். 7 மணி நாடகத்துக்கு நானும் என் மைத்துனரும் ஐந்தரை மணிக்கே ஓர் உணவகத்தில் போய் உட்கார்ந்துவிட்டோம். அந்த நேரத்தில் அந்தத் தெருவில் திறந்திருந்த கடை அது ஒன்றுதான் என்பதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆறேகாலுக்குத்தான் உள்ளே அடுப்புப் பற்றியது; ஆறு ஐம்பதுக்கு, பழுக்கக் காய்ச்சிய இரும்புத் தட்டில் முட்டைக்கோஸ் இலையை விரித்து, அதன்மேல் இறைச்சியை வைத்து, சாஸை ஊற்றி, கூடமே திரும்பிப் பார்க்கும்படி புகை கிளப்பிக்கொண்டு சிஸ்லர் வந்து இறங்கியது. பாதியை வாயைச் சுட்டுக்கொண்டு விழுங்கிவிட்டு, மீதியை அப்படியே விட்டுவிட்டு ஓடினோம். நாடகம் தொடங்கிய பிறகு இருட்டில் தடவித் தடவி இடம் பிடித்து உட்கார்ந்தபோது முன்வரிசையிலிருந்த அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்தார். நாங்கள் தாமதமாக வந்ததற்காக அல்ல, எங்கள் சட்டையிலிருந்து வீசிய கருகிய வெங்காய வாடைக்காகத்தான் அவர் திரும்பினார் என்பது எனக்குச் சற்று நேரம் கழித்தே விளங்கியது. சின்ன அரங்கில், நடிகர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிற இடத்தில், சிஸ்லர் புகையில் குளித்த சட்டையோடு உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை.

முன்பா, பின்பா

புதுச்சேரியைப் பொறுத்தவரை என் விடை தெளிவானது: நாடகத்துக்குப் பிறகுதான். இங்கே உட்கார்ந்து சாப்பிடும் வகையைச் சேர்ந்த பல உணவகங்கள் மதியச் சாப்பாட்டை 3 மணியளவில் முடித்துக்கொண்டு இரவுக்கு 7 மணியளவில்தான் மறுபடியும் சமையலறையைத் திறக்கின்றன; நாடகங்களோ பெரும்பாலும் ஆறரைக்கும் 7 மணிக்கும் தொடங்கிவிடுகின்றன. ஆகவே, முன்னால் சாப்பிட நினைக்கிறவருக்கு நல்ல சமையலறைகள் மூடியிருக்கும் நேரமே வாய்க்கிறது. அப்போது திறந்திருக்கிற இடத்தில் தலைமைச் சமையற்காரர் வந்திருக்க மாட்டார். இன்னொன்று, கால் கிலோ இறைச்சியையும் ஒரு தட்டு உருளைக்கிழங்கையும் உள்ளே தள்ளிவிட்டு இருட்டறையில் சாய்ந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதை ‘உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு’ என்று நம்மவர்கள் எப்போதோ சொல்லிவைத்துவிட்டார்கள். ஐந்து மணிக்கு ஒரு காபியும் இரண்டு வடையும், அல்லது பேக்கரியில் ஒரு க்ருவாசானும் போதும். பசியைக் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு பார்த்தால் நாடகமும் கூர்மையாகத் தெரியும்.

பிறகு சாப்பிடுவதென்றால் கணக்கு இப்படிப் போகும். ஒன்றே கால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை இடைவேளை இல்லாமல் ஓடும் நாடகம் 7 மணிக்குத் தொடங்கினால் எட்டரை மணிக்கு முடியும். ஆனால் நம் ஊரில் 7 மணி என்று போட்டிருந்தால் ஏழேகாலுக்குத் திரை விலகுவதுண்டு. முடிந்த பிறகு நடிகர்களோடு கலந்துரையாடல் என்று அரை மணி நேரம் நீள்வதும் உண்டு. சிறப்பு விருந்தினர்களை மேடையேற்றும் பெரிய கலையரங்க நிகழ்ச்சியானால் பொன்னாடைகளுக்கென்று தனியாக அரை மணியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, மேசையில் உட்காரும்போது ஒன்பதேகால் ஆகியிருக்கும். பல சமையலறைகள் இரவு 10 மணிக்கும் பத்தரைக்கும் இடையில் கடைசி ஆர்டரை எடுத்துக்கொள்கின்றன. ஒன்பதரைக்கே முடித்துக்கொள்கிறவையும் உண்டு. தொலைபேசியில் ‘எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க?’ என்று கேட்டால் கடை பூட்டும் நேரத்தைச் சொல்வார்கள். ‘கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு?’ என்று கேட்டால்தான் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைக்கும்.

தெருக்கூத்துக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கும் இந்தச் சிக்கலே கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய நடப்பதால், கூத்துப் பார்க்கிறவர் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். நடுச்சாமத்துக்கு டீக்கடை இருக்கும். 1922-இல் புதுச்சேரியில் மறைந்து கருவடிக்குப்பத்தில் அடக்கமாகியிருக்கும் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களைப் பார்த்தவர்கள் யாரும் கடைசி ஆர்டரைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

அரங்கு எங்கே இருக்கிறது

நாடகக் குழுவின் பெயரை வைத்து இடத்தை ஊகிக்காமல் அழைப்பிதழில் இருக்கும் முகவரியைப் பார்ப்பது முக்கியம். புதுச்சேரி நாடகம் என்று விளம்பரப்படுத்தப்படுகிறவை உண்மையில் இரண்டு வெவ்வேறு நிலப்பரப்புகளில் நடக்கின்றன. ஒன்று, கிழக்கே கடற்கரைச் சாலைக்கும் மேற்கே பெரிய வாய்க்காலுக்கும் இடைப்பட்ட பழைய பிரெஞ்சு வட்டாரம். துமா வீதியில், பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் ஃபிரான்சேஸின் மேசோன் கொலோம்பானி இங்கே இருக்கிறது. ஒரு காலத்தில் பத்தே சினி ஃபமிலியால் என்ற திரையரங்காக இருந்த ரொமேன் ரோலண்ட் வீதிக் கட்டடத்தைத்தான் குமரன் வளவன் நிறுவிய இந்தியானோஸ்ட்ரம் குழு நாடக அரங்காக மாற்றியது. இந்த வட்டாரத்தில் நாடகம் பார்த்தால் வண்டியைத் தொடாமல், நடந்து போகக்கூடிய உணவகத்தையே தேர்ந்தெடுங்கள். கடற்கரைச் சாலையில் மாலைக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை என்பதால், அந்த வண்டிகளெல்லாம் பக்கத்து வீதிகளில்தான் வந்து அடைகின்றன. சனி, ஞாயிறுகளில் சென்னை, பெங்களூர் வண்டிகளும் சேர்ந்துகொண்டால் பத்து நிமிட நடைக்கு ஈடான தூரத்தைக் காரில் கடக்க அரை மணி நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமையில் காந்தி வீதிச் சந்தை வேறு இருக்கிறது.

இன்னொன்று, ஊருக்கு வடக்கே ஆரோவில்லை ஒட்டிய பகுதி. மறைந்த வீணாபாணி சாவ்லா 1981-இல் மும்பையில் தொடங்கி, பின்னர் இங்கே கொண்டுவந்து வேரூன்றச் செய்த ஆதிசக்தி நாடகக் குழுவின் வளாகம் இடையஞ்சாவடிச் சாலையில் இருக்கிறது. அங்குள்ள அரங்கின் பெயரே கூத்துக்கோவில்தான். பாரத் நிவாஸின் ஸ்ரீ அரவிந்தர் அரங்கமும் ஆரோவில்லுக்குள் இருக்கிறது. நகரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்றாலும், நாடகம் விட்ட பிறகு செம்மண் பாதையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து வெளியேறி, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, முத்தியால்பேட்டை வழியாக ஊருக்குள் நுழைவதற்கு முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே இந்தப் பக்கம் நாடகம் என்றால் கடற்கரைச் சாலை ஓரத்து உணவகக் கனவை விட்டுவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் போகிற வழியில் இருக்கும் ஒன்றைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். அதுவும் கிடைக்கவில்லையென்றால் அன்றைக்கு ஸ்டேக்கை மறந்துவிட்டு, மறுநாள் மதியத்துக்கு மேசை சொல்லிவையுங்கள். அரைகுறை ஸ்டேக்கைவிட ஒரு நாள் தாமதமான ஸ்டேக் மேலானது.

தொலைபேசியிலேயே தெரிந்துகொள்ள வேண்டியது

நேரமும் இடமும் பொருந்துகிற இரண்டு மூன்று உணவகங்கள் கையில் மிஞ்சியிருக்கும். இப்போது அவற்றைக் கூப்பிட்டுப் பேசுங்கள்; படங்களையும் நட்சத்திரங்களையும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ‘உங்க ஸ்டேக் பீஃபா, பஃபா?’ என்று முதலில் கேளுங்கள். நம் நாட்டு உணவகங்களில் ஸ்டேக் என்று வருவது பெரும்பாலும் பஃப் எனப்படும் எருமை இறைச்சியே. அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் எருமை இறைச்சியில் தசைக்கு ஊடே ஓடுகிற கொழுப்பு மிகக் குறைவு. நிறம் அடர்ந்த சிவப்பு. கொழுப்பு மஞ்சளாக இல்லாமல் வெள்ளையாக இருக்கும். கொழுப்புக் குறைந்த இறைச்சி அடுப்பில் ஒரு நிமிடம் கூடுதலாக இருந்தாலும் வறண்டுபோகும். ஆகையால் எந்த விலங்கு என்பதை ஒளிக்காமல் சொல்கிற சமையலறைக்கு அதை எப்படிச் சமைப்பது என்பதும் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். ‘அதெல்லாம் ஒண்ணுதான் சார்’ என்று பதில் வந்தால் அடுத்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

அடுத்து, எந்தப் பகுதி என்று கேட்க வேண்டும். கசாப்புக் கடையில் அண்டர்கட் என்று சொல்வதும், உணவக அட்டையில் டெண்டர்லாயின் என்றும் பிரெஞ்சுப் பழக்கத்தில் ஃபிலே என்றும் எழுதியிருப்பதும் ஒன்றே: முதுகெலும்பின் உட்புறமாக ஓடுகிற, அதிகம் உழைக்காத, அதனாலேயே மெத்தென்று இருக்கிற சதை. எருமையில் ஸ்டேக்குக்கு நம்பி எடுக்கக்கூடியது இதுதான். விலா எலும்புப் பகுதியிலிருந்து வரும் ரிப் ஐ, ஆந்த்ரகோத் போன்றவற்றின் சுவையே அவற்றின் கொழுப்பில் இருக்கிறது. கொழுப்பில்லாத விலங்கில் அந்தப் பெயரை மட்டும் வாங்கிச் சாப்பிடுவதில் பொருளில்லை. தொடைப் பகுதியை வெட்டிப் போட்டு, அதன்மேல் மிளகுச் சாஸை வழிய வழிய ஊற்றி மறைக்கிற இடங்களும் உண்டு. பகுதியின் பெயரைச் சொல்லத் தெரியாத உணவகத்தில் அதுதான் கிடைக்கும்.

எவ்வளவு தடிமன், எவ்வளவு எடை என்பதையும் கேட்டுவைத்துக்கொள்ளலாம். இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மேற்புறம் நன்றாக நிறம் பிடிப்பதற்குள் உட்புறம் முழுதும் வெந்துவிடும். அட்டையில் போட்டிருக்கும் 200 கிராம் என்பது பச்சை இறைச்சியின் எடை. தட்டுக்கு வரும்போது ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருக்கும். இதைத் தெரியாமல் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை பிடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, நாடகத்துக்கு வருகிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். ‘எட்டரைக்கு நாடகம் விடும், ஒன்பதுக்குள்ள வந்துடுவோம், கொஞ்சம் முன்னே பின்னே ஆனா மேசையை விட்டுடாதீங்க’ என்று சொல்லி, நாடகம் விட்டதும் ஒருமுறை கூப்பிட்டால் பெரும்பாலான இடங்களில் காத்திருப்பார்கள். நான் வழக்கமாகப் போகும் இடத்தில், அரங்கு வாசலில் நின்று கூப்பிடும்போதே ஸ்டேக்குகளையும் சொல்லிவிடுவேன். சமைக்கச் சொல்வதற்காக அல்ல, குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைக்கச் சொல்வதற்காக. சில்லிட்ட இறைச்சியைச் சட்டியில் போட்டால் மேலே கருகி, நடுவில் குளிர்ந்தே இருக்கும்.

எப்படி வேக வேண்டும்

பரிமாறுகிறவர் ‘எப்படி வேணும் சார்?’ என்று கேட்கும்போது நம்மில் பலர் ‘நல்லா வேகணும்’ என்று சொல்லிவிடுகிறோம். மட்டன் குழம்பில் பழகிய நாக்குக்கு அது இயல்பான விடை. ஆனால் குழம்புக்கு உரிய சதை வேறு, ஸ்டேக்குக்கு உரிய சதை வேறு. அதிகம் உழைத்த, சவ்வு நிறைந்த சதை நீண்ட நேரம் நீரில் கொதிக்கும்போது அந்தச் சவ்வு கூழாகக் கரைந்து மிருதுவாகிறது. அண்டர்கட்டில் கரைவதற்குச் சவ்வு கிடையாது. வேக வேக நீரை இழந்து இறுகுவதுதான் அதற்குத் தெரியும்.

என் மைத்துனருக்கு முதன்முதலில் சரியாக வெந்த ஸ்டேக்கை வாங்கிக் கொடுத்தபோது, நடுவில் கத்தியை வைத்து அழுத்திப் பிளந்தவர், உள்ளே ரோஜா நிறத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “மாப்ளே, இது வேகவே இல்லையே, ரத்தம் வருது பாருங்க” என்றார். அது ரத்தம் இல்லை. ரத்தம் விலங்கை அறுக்கும்போதே வடிந்துவிடுகிறது; தசைக்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் நீரோடு கலந்து கசிவதைத்தான் நாம் அப்படி நினைக்கிறோம். இதை அவருக்கு விளக்கிச் சொல்லி, ஓரத்திலிருந்து ஒரு சின்னத் துண்டை, மேலே மொறுமொறுவென்று பழுப்பேறிய பகுதியோடு சேர்த்து வெட்டி வாயில் போடச் செய்தேன். பிறகு அவர் பேசவில்லை. இப்போது அவர்தான் மற்றவர்களுக்கு மயோகுளோபின் பாடம் நடத்துகிறார்.

வேகும் பதத்துக்கு உட்புற வெப்பம்தான் அளவு. 50 டிகிரி செல்சியஸை ஒட்டி எடுத்தால் ரேர். 54 முதல் 57 வரை மீடியம் ரேர். 60-ஐத் தாண்டினால் மீடியம். 70-ஐத் தாண்டினால் முழுதும் வெந்தது. புதுச்சேரியில் பழைய பிரெஞ்சுப் பழக்கமுள்ள இடங்களில் செஞ்ஞான் (ரேர்), ஆ புவேன், பியேன் குயி (முழுதும் வெந்தது) என்ற சொற்களும் அடிபடும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: ஆ புவேன் என்பதை மீடியம் என்று பெயர்த்துவிடுகிறார்கள், ஆனால் பிரெஞ்சுக்காரர் சமைக்கும் ஆ புவேன், ஆங்கில வழக்கின் மீடியம் ரேருக்குத்தான் நெருங்கியது. சொற்களை நம்பாமல் ‘நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கட்டும், பச்சையாக வேண்டாம்’ என்று தமிழில் நிறத்தைச் சொல்வதே பிழையில்லாத வழி. எருமை ஃபிலேவுக்கு மீடியம் ரேரையே பரிந்துரைப்பேன். தயங்குகிறவர்கள் மீடியத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கும் மேலே வேக வேண்டும் என்கிறவர்கள் அதே இறைச்சியை மெல்லியதாகத் தட்டிச் சட்டென்று வாட்டும் மினிட் ஸ்டேக்கைக் கேட்கலாம், அல்லது அட்டையில் ஒயினில் வேகவைத்த மாட்டுக்கறிக் குழம்பு ஏதாவது இருந்தால் அதை வாங்குவது இன்னும் நல்லது. கர்ப்பிணிகள், வயது மிகுந்தவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் மட்டும் இளஞ்சிவப்பைத் தவிர்த்துவிட வேண்டும். கொத்துக்கறியில் செய்யும் பர்கர் யாருக்கானாலும் முழுதும் வெந்திருக்க வேண்டும். முழுத் துண்டில் கிருமிகள் மேற்புறத்தோடு நின்று நெருப்பில் மடிந்துவிடும், அரைத்த இறைச்சியில் அவை உள்ளேயும் கலந்துவிடும்.

சிஸ்லர் வேண்டாம் என்று நான் சொல்வதற்குச் சட்டை வாடை மட்டும் காரணமில்லை. நீங்கள் கேட்டபடி சரியாக 55 டிகிரியில் இறக்கிய இறைச்சியை, கொதிக்கும் இரும்புத் தட்டில் வைத்து அனுப்பினால் அது உங்கள் மேசையில் தொடர்ந்து வெந்துகொண்டே இருக்கும். இரண்டாவது வாய்க்கு மீடியம், ஐந்தாவது வாய்க்கு செருப்புத்தோல். நல்ல சமையலறை அதற்கு நேர்மாறாகச் செய்யும்: அடுப்பிலிருந்து எடுத்து ஐந்து நிமிடமாவது ஓய்வில் வைத்து, சாறு மறுபடி சதைக்குள் தங்கிய பிறகே தட்டில் வைக்கும். ஆர்டர் கொடுத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஸ்டேக் வந்துவிட்டால் பெருமைப்பட ஒன்றுமில்லை. இருபது முதல் முப்பது நிமிடம் வரை ஆவதே முறை. இருவருக்குச் சேர்த்துச் சமைக்கும் ஷத்தோபிரியான் போன்ற பெரிய துண்டுக்கு முக்கால் மணி ஆகலாம். கடைசி ஆர்டர் நெருங்கும் நேரத்தில் உட்கார்ந்து அதைக் கேட்பது சமையற்காரரிடம் வம்புக்குப் போவதற்குச் சமம்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் உடன் வரும்போது

நம் குடும்பங்களில் ஒரே மேசையில் நான்கு வகை நாக்குகள் உட்கார்ந்திருக்கும். என் மனைவி மாட்டிறைச்சி தொடமாட்டார். அவருக்காக ஸ்டேக் உணவகத்தைத் தவிர்க்க வேண்டிய தேவை இதுவரை வந்ததில்லை. உண்மையில் ஸ்டேக் என்பது வெட்டும் முறையைக் குறிப்பதாகும். கடலூர்த் துறைமுகத்தில் வஞ்சிரத்தைக் குறுக்காக, நடுமுள்ளோடு வட்டமாகப் போடும் துண்டு இருக்கிறதே, அதைவிடச் சுத்தமான ஸ்டேக் எதுவும் இல்லை. வஞ்சிரமோ சூரையோ அன்றைக்கு வந்தது இருக்கிறதா என்று கேட்டு வாங்கினால் இந்தக் கடற்கரையில் அது மாட்டு ஸ்டேக்குக்குச் சளைத்ததாக இருக்காது. சிக்கன் ஸ்டேக் என்பது மட்டும் என்னளவில் வெறும் பெயர். கோழி நெஞ்சுக்கறியைத் தட்டிப் பொரித்ததற்கு ஸ்டேக் விலை கொடுப்பதைவிட அதைக் கோழி என்றே விற்கிற இடத்தில் சாப்பிடலாம். சைவம் மட்டுமே சாப்பிடுகிறவர் வருகிறார் என்றால், அவருக்குச் சூப்பையும் உருளைக்கிழங்கையும் தவிர முழுச் சாப்பாடாக ஏதாவது உண்டா என்று கேட்காமல் மேசை சொல்லாதீர்கள். ஒரே கல்லில் மீனும் மாடும் வாட்டுகிறார்களா என்பதையும் சிலர் அறிந்துகொள்ள விரும்புவார்கள், கூச்சப்படாமல் கேட்கலாம்.

பில்லைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. உணவுக்கு 5 சதவீதம் சரக்கு மற்றும் சேவை வரி. நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கும் ஓட்டலுக்குள் இருக்கும் உணவகமானால் 18 சதவீதம். மதுவுக்கு அந்த வரி பொருந்தாததால் அதைத் தனியாகக் கணக்கிடுவார்கள். சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. விருப்பமில்லையென்றால் எடுத்துவிடச் சொல்லலாம். பரிமாறியவர் இரவு பத்தரை மணிக்கும் முகம் சுளிக்காமல் கவனித்திருந்தால் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

வெளியூரில் கணக்கு மாறும்

கடலூரிலிருந்தும் இங்கிருந்தும் பிள்ளைகளைப் பார்க்க நியூஜெர்சிக்கும் பாரிசுக்கும் போகிறவர்கள் என்னிடம் இதையே கேட்பதுண்டு. நியூயார்க்கில் என் விடை தலைகீழாகிவிடும். அங்கே முன்பே சாப்பிட வேண்டும். பிராட்வே நாடகங்கள் மாலையில் பெரும்பாலும் 7 மணிக்கோ 8 மணிக்கோ சொன்ன நேரத்தில் தொடங்கி, இரண்டரை மணி நேரம் போல ஓடுகின்றன. முடிந்த பிறகு சாப்பிட்டு, ரயில் பிடித்து, நியூஜெர்சி போய்ச் சேர நள்ளிரவு தாண்டிவிடும். அங்குள்ள ஸ்டேக் உணவகங்கள் நாடகக் கூட்டத்துக்கென்றே மாலை ஐந்து மணியளவில் பரபரப்பாக இயங்கத் தொடங்கிவிடுவதால், ஐந்து அல்லது ஐந்தரைக்கு மேசை சொல்லி, உட்காரும்போதே ‘எட்டு மணி நாடகம்’ என்று சொன்னால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

52-ஆவது தெருவில் 1927 முதல் இருக்கும் கேலகர்ஸ், அரங்குகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. உலர்முறையில் பதப்படுத்தும் இறைச்சித் துண்டுகள் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருப்பதைத் தெருவிலிருந்தே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். ஆனால் பென் ஸ்டேஷனிலிருந்து வருகிற நியூஜெர்சிக்காரர்களுக்கு நான் சொல்வது 36-ஆவது தெருவிலுள்ள கீன்ஸ். ரயில் நிலையத்திலிருந்து நடை தூரம். சாப்பிட்டுவிட்டு அரங்குகளை நோக்கி நடந்தால் செரிமானத்துக்கும் நல்லது. 1885-இல் தொடங்கிய அந்த உணவகத்தின் கூரை முழுதும் பழைய களிமண் புகைக்குழாய்கள் ஆயிரக்கணக்கில் தொங்குகின்றன. நடிகை லில்லி லாங்ட்ரி, பெண்களை அனுமதிக்காததற்காக 1905-இல் இதே உணவகத்தின் மீது வழக்குத் தொடுத்து வென்றார். இவற்றையெல்லாம்விட நமக்கு முக்கியமானது, அங்கே பேர்பெற்ற பண்டம் மட்டன் சாப் என்பது. மாட்டிறைச்சி சாப்பிடாத அம்மா அப்பாவைத் தயங்காமல் அழைத்துப் போகலாம். அங்கெல்லாம் ஸ்டேக் விலை ஸ்டேக்குக்கு மட்டும்தான். கீரை, உருளைக்கிழங்கு ஒவ்வொன்றும் தனி விலை, ஒரு தட்டு இருவருக்குத் தாராளமாகக் காணும். பில்லின் மேல் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது அங்கே விருப்பம் என்ற பெயரிலான கட்டாயம்.

பாரிசில் நாடகங்கள் எட்டு, எட்டரைக்குத் தொடங்குவதால் பிறகு சாப்பிடும் வழக்கமும் இருக்கிறது. நள்ளிரவு வரை சமையலறை திறந்திருக்கும் பிராஸரிகளைப் பார்த்துப் போகலாம். ஆனால் வேன்சேன் காட்டிலுள்ள கார்த்துஷ்ரியில் தெயாத்ர் து சொலேய் குழுவின் நாடகத்துக்குப் போகிறவர்கள் மட்டும் எங்கும் மேசை சொல்ல வேண்டாம். நாடகம் தொடங்குவதற்கு முன்பே அரங்கின் முன்கூடத்தில் நீண்ட மேசைகள் போட்டு, குழுவினரே பார்வையாளர்களுக்குச் சாப்பாடு பரிமாறுகிறார்கள். புதுச்சேரிக்கு வந்து தங்கி நம் தெருக்கூத்துக் கலைஞர்களோடு வேலை செய்த குழு அது.

திரும்பும் வழி

கடலூர்க்காரர்கள் பஸ்ஸை நம்பி வந்திருந்தால், மேசை சொல்வதற்கு முன்பே இரவுப் பேருந்து நேரத்தை விசாரித்துவிட வேண்டும். சுமார் 25 கிலோமீட்டர்தான் என்றாலும், பதினொரு மணிக்கு மேல் பேருந்து நிலையத்தில் நின்று ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவது, அதுவரை சேர்த்த சந்தோஷத்தையெல்லாம் கரைத்துவிடும். காரில் வந்திருந்தால் ஓட்டுகிறவர் ஒயின் குடிக்கக் கூடாது. மிஞ்சிய பாட்டிலை முள்ளோடைச் சோதனைச் சாவடி வழியாக ஊருக்குக் கொண்டுபோகவும் நினைக்க வேண்டாம்.

மிஞ்சிய ஸ்டேக்கைத் தாராளமாகக் கட்டிக் கொண்டுபோகலாம். சாஸைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் அதை மைக்ரோவேவில் சூடாக்கினால் ரப்பராகிவிடும். குளிர்ந்திருக்கும்போதே, நார் ஓடும் திசைக்குக் குறுக்காக, தீக்குச்சி கனத்தில் சீவிக்கொண்டு, சின்ன வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் நல்லெண்ணெயில் வதக்கி, இடித்த மிளகைத் தூவி, அடுப்பை அணைத்த பிறகு அந்தச் சீவல்களைப் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி எடுத்தால், ரசம் சாதத்துக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படாது.